பிரிஸ்காவின் ஃபிரிட்ஜில் நீ வைத்த பாட்டில்

மகனே,

உன்னை வாழ்த்தித் தொடங்க இன்று எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. பந்தல்காரன் வந்து முற்றத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறான். நான் இங்கே ஊரில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளை மேல் அருவருப்புப்பட்டுக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரிஸ்கா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். கல்யாணப் பெண் அனுப்புகிற படம், ஜாக்கெட் தைத்து வந்திருக்கும், இல்லையென்றால் வளையல் வாங்கியிருப்பாள் என்று ஆசையாகத் திறந்தேன். ஊறுகாய் பாட்டில். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கஞ்சி நிறத்தில் வண்டல், அதற்கு மேலே பழுப்புத் தண்ணீர், மூடியில் மார்க்கரால் ஏழு என்று எழுதியிருக்கிறது. பாட்டிலைப் பிடித்திருந்தது ஆஸ்பத்திரிக் கையுறை போட்ட அவளுடைய கை. கீழே எழுதியிருந்தாள்: “மாமி, இத எப்பிடிக் கழுவணும்? அவரு சைட்டுக்குப் போவும்போ எனக்கிட்ட தந்துட்டுப் போனாரு. நீங்க இதுல பெரிய ஆளாம்லா, சொன்னாரு.”  எழுந்துபோய் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்தேன்.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பீர் பொங்கி அடங்கிய பிறகு கேனின் அடியில் படிகிற ஈஸ்ட் அது. அதைக் கொட்டாமல் வழித்து எடுத்து, கழுவி, அடுத்த தடவைக்கு விதையாகப் போடுகிறாய். ஏழு என்றால் ஏழாவது தடவை. துபாயில், தேராவில் உன் ரூமில் வைத்திருந்தாயாம். கூட இருக்கிற பையன் லீவில் போகிறான், நீயும் மூன்று வாரம் சைட் கேம்ப்புக்குப் போகிறாய், அங்கிருந்து நேரே விமானம் ஏறிக் கல்யாணத்துக்கு வருகிறாய், அதுவரை இந்தச் சனியனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்தாள். அவளே லஞ்ச் பையில் வைத்து, பஸ்ஸில், துபாயிலிருந்து ஷார்ஜாவுக்கு, முவைலாவில் நர்ஸுகள் தங்குகிற ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்த ஊரில் பீர் பாட்டிலைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று உனக்குத் தெரியாதா? ஃபிரிட்ஜைத் திறந்து ஒருத்தி மோந்து பார்த்துப் புகார் சொன்னால் போகப்போவது யாருடைய லைசென்ஸ், யாருடைய விசா? உன்னுடையதா? நீ கேம்ப்பில் ஏசி போட்டுப் படுத்திருப்பாய். சீ! 

உடனே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்தாய். “எம்மா, இது என்ன சாராயமா? ஈஸ்ட்டும்மா. உசிருள்ள சாதனம். நீ ஆப்பத்துக்கு மாவுல போடது இல்லியா, அதுக்க தங்கச்சிதான் இது” என்றாய். ஆப்பம் தின்று எவனும் ரத்தம் கக்கவில்லையடே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “யல்லா, போறேம்மா, பஸ் வந்துட்டு, பொறவு விளிக்கேன். அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு. ஒனக்க கைப்பக்குவம் அவளுக்கும் வரட்டு” என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இதைப் போனிலேயே எழுதி அனுப்புகிறேன். எழுத்தை நடுவில் வைத்துவிட்டு ஓட முடியாது, பஸ் வந்தாலும் மிச்சத்தை நீ திரும்ப வந்து படித்துத்தான் ஆகவேண்டும். இந்தப் பெண் உன்னைக் கட்டலாமா வேண்டாமா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் மேல் எவ்வளவு ஆத்திரமோ அதைவிட என் மேல்தான் அதிகம். என் கைப்பக்குவம் என்று நீ சொன்னாயே, அந்தக் கதையை உனக்குச் சொன்னவள் நான்தான். அப்பா போகும்போது உனக்கு எட்டு வயது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பனைப்பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்து, சவுதியில் நாம் இருந்த அல் கோபார் வீட்டு வெள்ளிக்கிழமைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். குளியலறையில் பீர் போட்டது, பக்கத்து வீட்டுக்கு மணம் போகாமலிருக்க ஊதுபத்தி கொளுத்தியது, கதவைத் தட்டினது போலீஸ் என்று பயந்து பார்த்தால் தண்ணீர் கேன்காரன். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆசைப்பட்டு நான் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொன்னேன். அப்பா எதனால் செத்தார் என்று கேட்டபோது மஞ்சள் காமாலை என்றேன். இருபது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது மிச்சத்தையும் கேள்.

அப்பா அங்கே ஏசி மெக்கானிக், நான் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கடையில் போதை இல்லாத மால்ட் பானம் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். அதில் சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்க வைத்து, அதைத்தான் எல்லாரும் பீர் என்று குடித்தார்கள். மோந்தாலே ஓடத் தோன்றும். அப்போது அப்பாவோடு வேலைபார்த்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, நிஜமான பீர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றே ஒன்று. அதைப் போட்டதும் ருசி மாறிவிட்டது. இனி வேறு பொட்டலம் கிடைக்காது, ஆகவே இதைச் சாகவிடக்கூடாது. அங்கேதான் பிடித்தது நம் வீட்டுக்குச் சனி. நீ படித்தவன், இதை மட்டும் கவனித்துக்கொள். மற்ற குடிகாரன் பாட்டில் தீர்ந்தால் நிறுத்துவான், காசு தீர்ந்தால் நிறுத்துவான். உன் அப்பாவுக்கு நிறுத்த வழியே இல்லாமல் போயிற்று. “ஏட்டி, அடுத்தது போடல்லன்னா ஈஸ்ட் செத்துப்போவும்” என்பார். போட்டால் இருபது லிட்டர். இருபது லிட்டரைக் கொட்டவா முடியும்? குடித்துத் தீர்த்தால்தான் கேன் காலியாகும், கேன் காலியானால்தான் அடுத்தது போடலாம். நாங்கள் அதைக் குடித்தோம் என்று நீ நினைக்கிறாய். அது எங்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தது.

உன்னைக் குளிப்பாட்ட வேண்டிய தொட்டியில்தான் அந்தக் கேன் நிற்கும். கோபார் வெயிலில் சூடேறிவிடக்கூடாதே, அதனால் சுற்றி ஈரத் துண்டு, ஐஸ் கட்டி. நீ அடுக்களையில் வாளித் தண்ணீரில் குளித்தாய். ஈர ரொட்டியும் கெட்ட முட்டையும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் வீடு முழுக்க இருக்கும். உன் பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தது. என் தலைமுடியில் இருந்தது. வார்டில் ஒரு பேஷண்ட் அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஷாம்பூவைத்தான் மாற்றினேன்.

முதலில் அப்பாதான் வண்டலைக் கையால் வழித்து எடுப்பார். இரண்டு தடவை புளித்துக் கெட்டது. ஒரு தடவை பாட்டில் வெடித்தது. பிறகு நான் கையில் எடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டியா? சுத்தம் என் தொழில். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தேன், பாட்டிலைக் கொதிநீரில் புரட்டினேன், வண்டலில் அந்த நீரை ஊற்றிக் கலக்கி, கசடு அடியில் இறங்கும்வரை பொறுத்திருந்து, மேலே பால்போல நிற்பதை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கெடவில்லை. வெள்ளிக்கிழமை வருகிற அப்பாவின் கூட்டாளிகளில் ததேயு அண்ணன் என்று ஒருவர், அப்பாவோடு ஒரே சைட்டில் வேலை. முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, “சிஸ்டருக்க கை வச்சா அது வேற கதையாக்கும்டே!” என்பார். மற்றவர்கள் கை தட்டுவார்கள். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. இங்கே கை தட்டுகிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பேன்.

உனக்கு ஏழு வயதானபோது, கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு வயிறு ஊதியிருந்தது. நாகர்கோவில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க நர்ஸ், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ஒரு சொட்டு தொடக்கூடாது” என்றார். கோபார் திரும்பி, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனிலிருந்து அப்பா நிறுத்தினார். சாம்பல் பூச ஃபாதர் இல்லாத ஊர், வீட்டிலேயே ஜெபம் சொன்னோம். ஜெபம் முடிந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். “ஏட்டி, இதக் கொட்டிப்போடட்டா?” என்று கேட்டார். அவரே கேட்டார், மகனே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கெடக்கட்டு. இத்தற வருசமா வளத்தது. நீங்க குடிக்காம இருந்தாப் போதும்லா” என்றேன். தவக்காலம் நாற்பது நாளும் அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, கை நடுங்க, வேர்த்து விறுவிறுத்து இருந்தார். நான் வாரம் ஒரு தடவை பழைய நீரை வடித்துவிட்டு, புது மால்ட்டும் சர்க்கரையும் ஊற்றி அதைச் சாகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு நோயாளி. நான் எதைக் கவனித்தேன் பார். த்தூ!

ஈஸ்டருக்குக் கூட்டாளிகள் வருவார்கள், வெறுங்கையோடு அனுப்பினால் நன்றாகவா இருக்கும் என்று ஒரு கேன் போட்டேன். அப்பாவுக்கு இல்லை, வருகிறவர்களுக்கு மட்டும். இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. திறக்கிற அன்று அப்பா குளியலறை வாசலில் வந்து நின்றார். “ஒரே ஒரு கிளாஸ். குடிக்கதுக்கு இல்லட்டி. ஈஸ்ட் நல்லாருக்கா கெட்டுப்போச்சான்னு பாக்கண்டாமா?” என்றார். நான் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “நல்லாருக்கு” என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் சிரித்தேன். அதோடு அவர் நிறுத்தவே இல்லை. எட்டு மாதம். ஒரு நாள் விடியற்காலையில் அந்தக் குளியலறையிலேயே ரத்தமாகக் கக்கினார். உன்னை உடனே பக்கத்து வீட்டில் விட்டேன், அதனால் நீ பார்க்கவில்லை. நான் வேலைபார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். டூட்டி டாக்டர் என்னிடம், “குடிப்பாரா?” என்று கேட்டார். என்னோடு தினம் வேலைபார்க்கிற மனுஷன், நான் சொன்னால் நம்புவார். உண்மையைச் சொன்னால் ஜெயில், இல்லையென்றால் நாடு கடத்தல், நீ நடுத்தெருவில். “இல்லை டாக்டர்” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு வேறெதையெல்லாமோ தேடினார். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கமாட்டார் என்றே படித்த எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சாகக் கிடந்த புருஷனின் தலைமாட்டில் நின்று, நர்ஸ் உடுப்போடு, நான் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. அடக்கத்துக்கு உடம்பை ஊருக்குக் கொண்டுவரக் காகிதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. துக்கம் விசாரிக்க ததேயு அண்ணன் வந்தார். அழுதார், நிஜமாகத்தான் அழுதார். போகும்போது தலையைச் சொறிந்துகொண்டு, “சிஸ்டர், தப்பா நெனைக்காண்டாம்… அந்தப் பாட்டில் கெடக்கா? நீங்க ஊருக்குப் போனா அது வீணாப் போவும்லா” என்றார். நீ என்றால் என்ன செய்திருப்பாய்? செருப்பைக் கழற்றியிருப்பாய். நான் ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலைத் துடைத்து, சிந்தாமல் இருக்க இரண்டு கவர் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். மூடியை ரொம்ப இறுக்காதீர்கள் அண்ணா, காற்று முட்டும் என்று புத்தியும் சொன்னேன். அது பிறகு எத்தனை வீட்டுக்குப் போயிற்று, எத்தனை குளியலறையில் பொங்கிற்று, எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை நான் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதுவரை சொன்னதில்லை. முதலில் உனக்குச் சொல்கிறேன்.

நீ சொல்வாய், நான் அப்பா மாதிரி இல்லை, வாரத்துக்கு இரண்டு கிளாஸ், இது ஒரு கலை, இது ஒரு ஹாபி என்று. இருக்கட்டும். குடிக்காதே என்று உனக்கு உபதேசம் பண்ண எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உன் வயசுக்கு நீ முடிவுசெய். எனக்குப் பொறுக்காதது உன் கிளாஸ் இல்லை. உன் கையால் செய்ய வெட்கப்படாத வேலையை, நீ ஊரில் இல்லாதபோது, ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அது. அவள் நர்ஸ், சுத்தமாகச் செய்வாள் என்று கணக்குப் போட்டாயே, அது. “ஒனக்க கைப்பக்குவம் அவளுக்கும் வரட்டு” என்றாயே! கல்யாணத்துக்கு முன்னாலேயே நீ அவளிடம் கொடுத்து வைத்த முதல் பொருள் இதுதான். பெண்டாட்டி என்று ஒருத்தி வந்தால் அவளிடம் உன் சம்பளத்தைக் கொடுத்து வை, உன் பயத்தைக் கொடுத்து வை, உன் அழுகையைக்கூடக் கொடுத்து வை. அவள் மறைத்து வைக்கவேண்டிய எதையும் கொடுக்காதே. மறைக்கத் தொடங்கினவள் பிறகு எல்லாவற்றுக்கும் பொய் சொல்லப் பழகிவிடுவாள். நான் பழகினேன்.

நேற்று மத்தியானம் பிரிஸ்கா டூட்டி முடிந்து கூப்பிட்டாள். கழுவுகிற முறையைக் கேட்கத்தான் கூப்பிட்டாள், பாவம். ததேயு அண்ணன் பாட்டில் வாங்கிப்போனதைத் தவிர, நான் உனக்கு இப்போது எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.    கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள், “இது அவருக்குத் தெரியுமா?” தெரியாது, நான் சொல்லவில்லை என்றேன். முட்டம் ஊரில் பிறந்த அந்தப் பெண்ணுக்குக் குரல் உயராது, உனக்கே தெரியும். ஆனால் அழுத்தமாகச் சொன்னாள்: “எனக்கிட்ட சொன்னத அவருக்கிட்டயும் சொல்லுங்க மாமி. தெரியாமச் செய்யது வேற, தெரிஞ்சு செய்யது வேற. நீங்க சொன்ன பொறவு, இத நான் வச்சிருக்கமாட்டேன்னு அவருக்கிட்ட சொல்லப்போறேன். அவரு என்ன சொல்லுகாருன்னு பாக்கணும்.”  இருபத்தாறு வயசுப் பெண் இரண்டு நிமிஷத்தில் சொன்ன வார்த்தை, எனக்குப் பத்து வருஷக் குடித்தனத்தில் வாயில் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் உன்னைக் கூப்பிடுவாள். நீ என்ன சொல்லவேண்டும் என்று நான் எழுதிக்கொடுக்கப் போவதில்லை. எழுதிக்கொடுத்ததை நீ ஒப்பித்தால் அவளுக்கு என்ன லாபம்? “அம்மைக்குப் பைத்தியம், நீ சும்மா இரி” என்று நீ சொன்னாலும் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும். “இந்த ஒரு தடவை மட்டும்” என்று நீ கெஞ்சினாலும் தெரிந்துவிடும். எது வந்தாலும் எனக்குச் சொல்லவேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் உங்களுக்கு மூன்றாம் ஓலை, கடைசிக் கல்யாண அறிவிப்பு. உன் பெயரையும் அவள் பெயரையும் ஃபாதர் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்துவார். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் பட்டுச்சேலை கட்டி முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஞாயிறும் அங்கேதான் உட்காருவேன். பிரிஸ்காவின் போன் அழுகையோடு வந்திருந்தால், ஃபாதர் நிறுத்துகிற இடத்தில், தடை உண்டு என்று நான் எழுந்து நிற்பேன். பையனைப் பெற்றவள் சொல்கிறாள் என்றால் யாரும் நம்பாமல் இருக்கமாட்டார்கள்.

உன் அம்மா